கறுப்பு காரில் சிலந்தி வலைக் கீறல்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கறுப்பு, கருநீலம், அடர் சாம்பல், மெரூன். இந்த நிறங்களில் கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் ஏறக்குறைய ஒன்றுதான்: நிழலில் நின்றால் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வெயிலுக்கு வந்தால் சிலந்தி வலை பின்னியது மாதிரி தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் இருக்கும். கண்ணில் படாது, அவ்வளவுதான்.

புகார் ஒன்றானாலும் காரணம் ஒன்றல்ல. அதைத் தேடாமல் நேராக ரப்பிங் (மெஷினால் பெயிண்டின் மேற்பரப்பைத் தேய்த்து எடுப்பது) போட விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கம்பெனியில் அடித்த பெயிண்ட் பெரும்பாலான கார்களில் எல்லா அடுக்கும் சேர்ந்தே 100 முதல் 140 மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத பளபளப்பு அடுக்கான கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. இந்த வலைக் கீறலின், அதாவது சுழல் கீறலின், ஆழம் பெரும்பாலும் 1 முதல் 3 மைக்ரான். காம்பவுண்ட் என்ற கரகரப்பான தேய்ப்புப் பசை போட்டு மெஷின் ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் அதே அளவு கிளியர் கரையும். கரைந்தது திரும்ப வராது. அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்து, மெஷினைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

எதற்கும் முன்னால்: சரியாகப் பாருங்கள்

தூசியோடு இருக்கும் காரில் கீறல் பார்க்க முடியாது. நன்றாகக் கழுவி, ஈரம் எடுத்து, நிழலில் நிறுத்துங்கள். போன் டார்ச்சை பானட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சாய்த்துப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். டார்ச்சில் பிடிபடாவிட்டால், இரவில் பெட்ரோல் பங்க் கூரைக்கு அடியில் காரை நிறுத்திப் பாருங்கள். அந்த எல்இடி வெளிச்சம் எதையும் மறைக்காது.

பிறகு நகச் சோதனை. கீறலின் குறுக்கே நகத்தை லேசாக இழுங்கள். நகம் தட்டினால் அது சுழல் கீறல் இல்லை, ஆழமான கீறல். பாலிஷில் அதன் ஓரம் மழுங்கிக் கொஞ்சம் மங்கும், முழுதாகப் போகாது. அதைத் துரத்திக்கொண்டு போய்க் கிளியரைக் காலி செய்யாதீர்கள். தினமும் ஓட்டும் காரில் பத்தில் எட்டுக் கீறல் போனால் போதும் என்பது என் கணக்கு.

அறிகுறி 1: வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக வலை, டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்கிறது

அசல் சுழல் கீறல் இதுதான். உண்மையில் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் நுண்கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. ஆகவே "வட்டமாகத் துடைத்ததால் வந்தது, நேராகத் துடைத்தால் வராது" என்பது சரியல்ல. தூசி இருக்கும்போது எந்தத் திசையில் துடைத்தாலும் கீறும்.

*காரணங்கள், எளியதிலிருந்து*

முதல் குற்றவாளி, டிக்கியில் கிடக்கும் டஸ்டர். காய்ந்த தூசியின் மேல் அதை ஓட்டுவது, மணலைப் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். அடுத்தது காலையில் வரும் துடைக்கும் ஆள் கையில் இருக்கும் துணி. ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பத்துக் கார். மூன்றாவது மஞ்சள் துணியும் பழைய பனியனும். துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அதன் தையலும் ஓரமும் கறுப்புப் பெயிண்டில் கோடு போடும். நான்காவது, வாட்டர் சர்வீஸில் வீலைத் தேய்த்த அதே ஸ்பாஞ்சு பானட்டுக்கு வருவது.

*சோதனை*

உங்கள் கார் உயரமான வண்டி என்றால் ஒரு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைப் பாருங்கள். நான் பார்த்த பல வண்டிகளில் கூரையின் ஓரம் ஒரு கை நீளத்துக்கு வலை பின்னியிருக்கும். கை எட்டாத நடுப்பகுதி புதுக் கார் மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவே வளைவான ஒரு எல்லைக்கோடு, ஒருவர் நின்ற இடத்திலிருந்து கையை வீசித் துடைத்ததை அப்படியே காட்டும். அப்படி இருந்தால் கீறல் துடைப்பதில் வருகிறது என்று முடிவுக்கு வந்துவிடலாம்.

கூரையும் முழுக்கக் கீறியிருந்தால் வாளியைப் பாருங்கள். கழுவி முடித்ததும் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அடியில் மணல் நிற்கும். துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் நறநறவென்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

*சரிசெய்தல்*

கழுவும் முறையை மாற்றாமல் (சரியான முறை கடைசிப் பகுதியில் இருக்கிறது) பாலிஷ் போடுவது வீண் செலவு. அதை மாற்றிய பிறகு:

முதலில் பானட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். கையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் முதலில் கிளே பார், ஒட்டிய துகளைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி. ரயில் தண்டவாளத்துக்கும் லேத் பட்டறைகளுக்கும் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும், அதன் மேல் பாலிஷ் தேய்த்தால் புதுக் கீறல் விழும். ஷாம்பு தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல் கிளேயை ஓட்டுங்கள். கீழே விழுந்த கிளேயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவி எடுக்க முடியாது.

அடுத்து அந்தக் கட்டத்துக்குள் மட்டும் மெல்லிய பாலிஷ், மென்மையான ஃபோம் பேடு, கையால். வலை பாதிக்கு மேல் போய்விட்டால் உங்களுக்கு மெஷினே தேவையில்லை, தோள் வலிக்கும் அவ்வளவுதான். போகவில்லையென்றால் டி.ஏ. மெஷின். சுழன்றுகொண்டே ஆடும் வகை இது. ஒரே இடத்தில் சூடேற்றிப் பெயிண்டைப் பொசுக்கும் ஆபத்து இதில் குறைவு. பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு பாலிஷ், ஆறில் 4 அல்லது 5 வேகம், வினாடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தல், முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக, நான்கு முதல் ஆறு சுற்று. மெஷினின் எடையோடு கை எடை கொஞ்சம் சேர்ந்தால் போதும். பேடு நின்றுபோகும் அளவுக்கு அழுத்தாதீர்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

மெல்லியதில் போகாவிட்டால் மட்டும் ஒரு படி கடினமான பேடு. அதிலும் போகாவிட்டால் காம்பவுண்ட். தலைகீழாகத் தொடங்குபவர்கள்தான் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். பொதுவாக ஜப்பானியக் கார்களின் கிளியர் மென்மை, ஜெர்மன் கார்களுடையது கடினம் என்பார்கள். பக்கத்து வீட்டுக் காருக்குச் சரிப்பட்டது உங்களுக்கும் சரிப்படும் என்று இல்லை. அந்தச் சோதனைக் கட்டம் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

கதவு ஓரம், பானட்டின் கூர்மையான மடிப்பு, பம்பர் இவற்றில் கவனம். மடிப்புகளில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், டேப் ஒட்டுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு பரவாமல் அங்கேயே தங்கும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள், இதற்குமுன் எத்தனை தடவை ரப்பிங் ஆனது என்று தெரியாது என்றால் பெயிண்ட் தடிமன் மீட்டர் வைத்திருப்பவரிடம் போங்கள். மொத்தம் 80 மைக்ரானுக்குக் கீழே காட்டினால் காம்பவுண்ட் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. 200, 300 என்று காட்டினால் அந்தப் பகுதி மறுபடி பெயிண்ட் அடித்தது. அதற்கும் மிக மேலே போனால் அடியில் பட்டி இருக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது.

அறிகுறி 2: கடையில் பாலிஷ் போட்டபோது பளிச், இரண்டு மூன்று வாஷில் வலை திரும்பி வந்துவிட்டது

இங்கே இரண்டில் ஒன்றுதான். கீறலை எடுக்காமல் எண்ணெயோ கிளேஸோ (கீறலை நிரப்பும் பளபளப்புப் பூச்சு) நிரப்பி மறைத்திருக்கிறார்கள். அல்லது நன்றாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், பழைய துணியால் நீங்கள் புதிதாகப் போட்டுவிட்டீர்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சிறந்த நேரம், கடையில் வண்டியை எடுக்கும்போது. எண்ணெயைக் கரைத்து எடுக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் கிடைக்கும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு சுத்தமான தண்ணீர் கலந்து, அனல் இல்லாத இடத்தில், சுத்தமான மைக்ரோஃபைபரில் நனைத்து பானட்டின் ஒரு மூலையை மட்டும் துடையுங்கள். அங்கே வலை மறுபடி தெரிந்தால் மறைத்திருக்கிறார்கள். தெரியாவிட்டால் வேலை நிஜம். இனிமேல் வருவதெல்லாம் அறிகுறி 1.

தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் போகும் என்று சொல்பவர்களுக்கும் இதே பதில். எண்ணெய் கீறலுக்குள் நிற்கும்வரை போனது போலத் தெரியும், கூடவே தெருத் தூசியையும் பிடித்து வைக்கும். பற்பசை விஷயம் வேறு: அதில் அரைக்கும் துகள் உண்டு, ஆனால் கார் பெயிண்டுக்கு அளவெடுத்துச் செய்ததல்ல. ஒரு இடம் போகும், பக்கத்து இடம் மங்கும்.

அறிகுறி 3: ரப்பிங் ஆன பிறகு வெயிலில் பாம்பு நெளிவது போல நிழல் கோடுகள்

ஆடாமல் ஒரே அச்சில் சுழலும் வேகமான ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடு போட்டு ஓட்டிவிட்டு, கடைசி மெல்லிய பாலிஷைத் தவிர்த்ததன் விளைவு. கடைக்காரர்கள் ஹாலோகிராம் என்பார்கள். மெஷின் போன வழியே கோடும் போகும். தலையை அசைத்தால் உள்ளே ஏதோ நகர்வது மாதிரி இருக்கும்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் எடுப்பது சுலபம். டி.ஏ. மெஷின், மென்மையான ஃபினிஷிங் பேடு, மெல்லிய பாலிஷ். அநேகமாக ஒரே சுற்று. போட்ட கடையிலேயே "ஃபினிஷிங் பாலிஷ் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். "இன்னொரு தடவை ரப்பிங் போடுறேன் சார்" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். ஏற்கெனவே கணிசமாகக் கரைத்திருப்பார்கள். மடிப்பு ஓரங்களில் நிறம் மாறி வெளிர் பட்டை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். தெரிந்தால் பாலிஷ் கதை முடிந்தது, பெயிண்டர்தான்.

அறிகுறி 4: ஒரே திசையில் நேர் கோடுகள்

*பானட்டிலிருந்து கூரைவரை நீளமாக, இணை கோடுகளாக இருந்தால்:* சுழலும் பிரஷ் உள்ள தானியங்கி வாஷ். அங்கே போவதை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம்.

*மூலைகள், கண்ணாடி, மட்கார்டு வளைவு என்று துருத்திய இடங்களில் மட்டும் இருந்தால்:* கவர். கவர் போட்டால் பெயிண்ட் பிழைக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். தூசியோடு நிற்கும் காரின் மேல் கவரை இழுத்துப் போட்டால் அந்த ஒரு இழுப்பே போதும். அப்புறம் காற்றில் அது படபடவென்று அடிக்கும்போது நாள் முழுக்கத் தேய்ப்பு. கவரின் உட்பக்கத்தை உதறிப் பாருங்கள், தூசி பறந்தால் விடை கிடைத்துவிட்டது. தெருவோரம் நிறுத்தும் காருக்கு, தினமும் கழுவ முடியாது என்றால், கவர் போடாமலே விடுவது பெயிண்டுக்கு நல்லது. மூடிய போர்ட்டிகோவில் மாதக்கணக்கில் நிற்கும் கார் என்றால், கழுவிக் காயவைத்த பிறகு கவர் போடலாம்.

*ஒன்றிரண்டு தனிக் கோடுகள், நகம் தட்டுகிறது:* மரக்கிளை, பைக் ஹேண்டில், பையின் ஜிப். நகச் சோதனைக்கே திரும்பிப் போங்கள்.

அறிகுறி 5: கதவுக் கைப்பிடிக் குழியிலும், கதவுகளுக்கு நடுவே உள்ள பளபள பிளாஸ்டிக் தூணிலும் மட்டும்

குழியில் இருப்பது நகமும் மோதிரமும். கையாலேயே மெல்லிய பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் சிறிய ஒளிபுகும் ஃபிலிம் ஒட்டிவிடுங்கள். தூண் பிளாஸ்டிக் மிக மென்மையானது, காய்ந்த துணி பட்டாலே கீறும். அங்கே மெஷின் வேண்டாம்.

அறிகுறி 6: வலையோடு சேர்ந்து வெள்ளை வளையப் புள்ளிகள்

இது கீறல் இல்லை, உப்பு. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் கறுப்புக் காரில் இரண்டே வாரத்தில் வரும். இதைக் கீறல் என்று நினைத்துத் துணியால் அழுத்தித் தேய்ப்பதில்தான் நிஜக் கீறல் பிறக்கிறது.

நிழலில், பெயிண்ட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் ஒற்றி வையுங்கள். காயவிடாதீர்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். போனால் சரி. போகாவிட்டால் உப்பு கிளியரைக் கொஞ்சம் அரித்துவிட்டது என்று அர்த்தம், அறிகுறி 1-இல் சொன்ன சோதனைக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். அப்போதும் குழி தெரிந்தால் மீட்டர் உள்ள ஆளிடம்.

அறிகுறி 7: நீங்களே மெஷின் ஓட்டினீர்கள், கீறல் போய்விட்டது, பதிலுக்குப் புகை படிந்தது மாதிரி மங்கல்

காம்பவுண்டுக்கு அப்புறம் வரும் மங்கல் இது, அடர் நிறங்களில்தான் இவ்வளவு தெரியும். வரிசையாகப் பாருங்கள். ஃபினிஷிங் பாலிஷ் போட்டீர்களா? இல்லையென்றால் அதைப் போட்டாலே போய்விடும். போட்டும் இருக்கிறதென்றால் பேடு காய்ந்த பாலிஷால் அடைத்திருக்கிறதா? புதுப் பேடை மாற்றுங்கள். வெயிலில் செய்தீர்களா? கோடை மதியத்தில் கறுப்பு பானட் தொட முடியாத அளவு சுடும். பாலிஷ் தன் வேலையை முடிக்கும் முன்பே காய்ந்துவிடும். காலை ஏழு மணிக்குள் அல்லது நிழலில் செய்யுங்கள். இது எல்லாம் சரி என்றால் துடைக்கும் துணிதான் மிச்சம். மைக்ரோஃபைபரைக் கம்ஃபர்ட் போட்டுத் துவைத்திருந்தாலோ, பருத்தித் துணிகளோடு சேர்த்து மெஷினில் போட்டிருந்தாலோ அது இனி டயர் துடைக்கத்தான்.

அறிகுறி 8: செராமிக் கோட்டிங் போட்ட காரிலும் வலை

9எச் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மணல் சிக்கிய துணி அதைப் படிக்காது. கோட்டிங்கின் லாபம் வேறு: அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம், அதனால் தேய்ப்பது குறையும்.

டெலிவரி எடுத்த நாளிலிருந்தே வலை இருந்தால், கீறலை எடுக்காமல் அதன் மேலேயே கோட்டிங் போட்டிருக்கிறார்கள். அப்புறம் வந்தது என்றால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும், பாலிஷோடு அந்த இடத்துக் கோட்டிங்கும் போகும். இரண்டுமே போட்ட கடையில் பேச வேண்டியவை. பெயிண்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம் என்றால் சுடுநீர் ஊற்றிப் பாருங்கள். நல்ல ரகங்களில் நுண்கீறல்கள் சூட்டில் தானாக மூடிக்கொள்ளும். மேட் பெயிண்டில் மட்டும் எந்த பாலிஷும் கூடாது.

அறிகுறி 9: திட்டுத் திட்டாக வெளிறி, ஓரம் தோல் உரிவது போல் இருக்கிறது, அல்லது பேடில் காரின் நிறமே ஒட்டுகிறது

வெளிறி உரிந்தால் கிளியர் செத்துவிட்டது. மெஷினை அணைத்துவிட்டுப் பெயிண்டரைப் பாருங்கள். பேடில் நிறம் வந்தால், பழைய கார்களில் கிளியர் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்டாக இருக்கலாம், அது இயல்பு. கையால் மெதுவாகப் போடலாம். புதிய காரில் நிறம் வந்தால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள். பேனல் புதிதாக அடித்து வந்ததும் ஒரு மாதமாவது வேக்ஸ், கோட்டிங் எதுவும் போடாமல் பெயிண்டை ஆற விடுங்கள்.

மறுபடி வராமல் இருக்க

முதலில் தண்ணீர். துணி தொடும் முன்னால் ஹோஸிலோ பிரஷர் வாஷரிலோ தூசியை வழித்துவிடுங்கள். இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பேனல் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவுக்குள் விடவேண்டும். கூரையிலிருந்து கீழே வாருங்கள். வீலுக்குத் தனி வாளி, தனித் துணி. காயவைக்கப் பெரிய தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் வேக்ஸையும் எடுத்துவிடும், வேண்டாம்.

அபார்ட்மெண்டில் ஆள் வைத்துத் துடைப்பவர்கள் அவரிடம் பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும். "அண்ணே, தினமும் துடைக்க வேண்டாம். கண்ணாடி மட்டும் துடைங்க. வாரத்துக்கு ஒரு நாள் நிறைய தண்ணி ஊத்திக் கழுவுங்க, சம்பளம் அதேதான்." கையுறையும் துண்டும் நீங்களே வாங்கி உங்கள் வண்டிக்கென்று வையுங்கள். வேலை குறைவதால் அவரும் மறுக்கமாட்டார்.

மார்கழிக் காலைகளில் பானட்டில் பனி இறங்கி நிற்கும். ஈரம் இருக்கிறதே என்று துணியால் வழிக்கத் தோன்றும். அந்த ஈரம் ராத்திரித் தூசியைக் குழைத்து வைத்திருக்கும் அளவுதான், கழுவுவதற்குப் போதாது. வைப்பரைப் போட்டுக் கிளம்புங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதே மாதிரிதான்: காய்ந்ததைச் சுரண்டாமல், நனைந்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறிய பிறகு தண்ணீரில் வழித்துவிடுங்கள். அடுத்த வருடம் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்கே விடுவதென்று முடிவானால், பணம் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகள்: மீட்டர் வைத்துத் தடிமன் பார்ப்பீர்களா, ஒரு சோதனைக் கட்டம் செய்து காட்டுவீர்களா, ஆல்கஹால் துடைத்துக் காட்டுவீர்களா. மூன்றுக்கும் சரி என்பவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு பேனலின் மைக்ரான் அளவையும், பாலிஷுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கி ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை பாலிஷ் தாங்குமா என்று கேட்கும் நாளில் அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.